வடக்குச் சுவரில் வெயில் காயும் அரணை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்த கேள்வி இது: "சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வடக்குச் சுவரில் கோடு போட்ட அரணைகள் நாலைந்து உண்டு. காலையில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் ஒன்றையும் காணோம். சாயங்காலம் திரும்ப வரும். ஜூலைக் குளிரிலும் வெயில் அடித்தால் வருகின்றன. மாமரத்தில் நீலத்தலை ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அது சூரிய நமஸ்காரம் செய்கிறது என்பார் ஆயா. குளிர் இரத்தப் பிராணிக்கு உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெரியுமா? இல்லை, வெயில் பட்டால் சூடாகி நிழல் பட்டால் ஆறிப்போகிறதா?"

தெரியும். ஆனால் அந்தச் சூட்டை அது உடம்புக்குள் உண்டாக்குவதில்லை. எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம் உட்காருவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று ஓயாமல் முடிவு செய்துகொண்டே சமாளிக்கிறது. நீங்கள் பார்த்த அந்தக் காலை, மதிய, சாயங்கால அட்டவணை முழுக்க அந்த முடிவுகள்தான்.

"குளிர் இரத்தம்" என்ற பள்ளிக்கூடப் பெயரை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். காலை பத்து மணிக்கு உங்கள் சுவர் அரணையின் இரத்தம் குளிர்ந்திருக்காது. 33, 34 டிகிரி அளவில் இருக்கும், உங்களுடையது 37. வித்தியாசம், அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. நாம் தின்ற சோற்றில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைக்கவே எரித்துவிடுகிறோம். அரணை வெயிலிடமும் சுவரிடமும் கடன் வாங்குகிறது. அதனால் அதே எடையுள்ள ஒரு எலிக்குத் தேவைப்படும் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட அரணைக்கு வேண்டாம். இரண்டு பூச்சி கிடைத்தால் அன்றைய பாடு முடிந்தது.

இந்தச் சிக்கனத்துக்கு அது கொடுக்கிற விலை நேரம். வெயில் காய்கிற ஒவ்வொரு நிமிடமும் இரை தேடாத நிமிடம். அதுவும் வெட்டவெளியில், எல்லார் கண்ணிலும் படும்படி. நம் டர்பன் தோட்டங்களில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி கம்பி வேலியில் உட்கார்ந்திருக்குமே, ஜாக்கி ஹாங்மன் என்பார்கள், பல்லியைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கிற ஆசாமி. அதற்கு, குளிரில் விறைத்துப்போய் வெயிலுக்கு வந்து கிடக்கும் அரணை சுலபமான இரை. ஆகவே "சூடாகுவதால் என்ன லாபம், அதற்கு எவ்வளவு நேரம் செலவாகும்" என்ற கணக்கு அரணைக்கு எப்போதும் உண்டு. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கணக்கின் வெவ்வேறு பக்கங்கள்தான்.

இந்த விஷயத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம்ம ஊர்க்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ரேமண்ட் கௌல்ஸ், 1896-இல் ஆடம்ஸ் மிஷனில் பிறந்தவர். டர்பனுக்குத் தெற்கே, அமன்ஸிம்டோட்டிப் பக்கம் இருக்கிற அதே ஆடம்ஸ் மிஷன்தான். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். பிறகு கலிபோர்னியாவில் பேராசிரியரானார். அதுவரை பல்லிகளின் (அரணை, ஓணான், உடும்பு எல்லாம் பல்லி இனம்தான்) உடல் வெப்பத்தைக் கூண்டில் வைத்து அளந்துவிட்டு, "அறைக்கு என்ன சூடோ அதுதான் பல்லிக்கும்" என்று எழுதிவந்தார்கள். கூண்டுக்குள் வெயிலும் கிடையாது, நிழலும் கிடையாது. பாவம், அது எதைத் தேர்ந்தெடுக்கும்? கௌல்ஸும் சார்லஸ் போகர்ட் என்பவரும் பாலைவனத்துக்கே போய், நடமாடுகிற பல்லிகளையும் பாம்புகளையும் பிடித்த கையோடு வெப்பமானியைச் செருகி அளந்தார்கள். வெளியே காற்று ஒரு சூடு, தரை வேறொரு சூடு. பல்லியின் உடம்போ ஒரு குறுகிய எல்லைக்குள் நின்றது. 1944-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான் பல்லிகளின் நடத்தைக்கும் அவற்றின் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு தனித்துறையாக வளர்ந்தது. அவர்கள் கண்ட இன்னொன்று: பாலைவனப் பிராணிதானே என்று ஒரு பல்லியையோ பாம்பையோ நிழலுக்குப் போக முடியாதபடி வெயிலில் விட்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆக, குளிரை மட்டும் சமாளித்தால் போதாது. சூடும் எமன்தான்.

இனி உங்கள் சுவருக்கு வருவோம்.

முதலில் திசை. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். ஜூலையில் தெற்குச் சுவரில் வெயிலே விழாது. வடக்குச் சுவர் நாள் முழுக்கக் காயும். தமிழ்நாட்டில் இது தலைகீழ். அரணைகள் வடக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை.

காலையில் அவை முழுசாக வெளியே வந்துவிடுவதில்லை, கவனித்துப் பாருங்கள். விரிசலிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். தலையில் வெயில் பட்டு இரத்தம் சூடேறினால், ஆபத்து வந்ததும் ஓடுவதற்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். அப்புறம்தான் உடம்பு வெளியே வரும். வந்ததும் விலாவை விரித்துத் தட்டையாக்கி, வெயிலுக்கு நேர்முகமாக முதுகைக் காட்டும். பரப்பு கூடினால் வெயில் அதிகம் விழும். வயிறு சுவரோடு ஒட்டியிருப்பதால் சுவரின் சூடும் சேரும். ஓணான், பச்சோந்தி போன்றவை இதோடு நிறத்தையும் கறுப்பாக்கிக்கொள்ளும். உள்ளே இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது: சூடேறும்போது இதயம் வேகமாக அடித்துத் தோலுக்கு இரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும், ஆறும்போது குறைத்துக்கொள்ளும். அதனால் பல பல்லிகள் ஏறுகிற வேகத்தைவிட மெதுவாகவே ஆறுகின்றன. இது நடத்தை இல்லை, உடலியல். ஆனாலும் வெயிலில் காய்ந்த நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது.

தேவையான சூடு வந்ததும் வேட்டை தொடங்கும். நிழலுக்குள் ஓடும், ஆறும், திரும்ப வெயிலுக்கு வரும். இங்கே ஒரு நுட்பம். 34 டிகிரியைத் தாண்டிய நொடியே அரணை இடம் மாறினால் அதற்கு வேறு வேலையே இருக்காது. உங்கள் வீட்டு கீசரைப் போல அதற்கு இரண்டு எல்லைகள்: மேல் எல்லையைத் தொட்டால் வெயிலை விட்டு விலகும், கீழ் எல்லைக்கு இறங்கினால் திரும்பி வரும். இடைப்பட்ட நாலைந்து டிகிரியில் சாப்பாடு, சண்டை, கல்யாணம் எல்லாம் நடத்திக்கொள்ளலாம். மூளையில் இதை மேற்பார்ப்பது ஹைப்போதலாமஸ் என்ற பகுதி. நமக்கும் அதே இடம்தான். பல பல்லிகளுக்கு உச்சந்தலையில் செதிலுக்கடியில் மூன்றாவது கண் ஒன்றும் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். அதை மறைத்தோ அகற்றியோ பார்த்த ஆய்வுகளில் சில பல்லிகள் வழக்கத்தைவிட அதிக நேரம் வெயிலில் கிடந்தன. எவ்வளவு நேரம் காய்ந்தோம் என்று கணக்கு வைக்க அது உதவுகிறது போலும். வீட்டுப் பல்லிக்கு அந்தக் கண் கிடையாது.

சரி, 34 டிகிரி எதற்கு, 25 போதாதா? உயிர் வாழப் போதும். ஆனால் ஓட்டம், ஜீரணம், வளர்ச்சி எல்லாமே சூடு ஏற ஏற வேகம் பிடிக்கின்றன. ஒரு உச்சத்துக்குப் பிறகு மளமளவென்று சரிந்துவிடுகின்றன. ஏற்றம் மெதுவாக, இறக்கம் செங்குத்தாக. பல பகல்நேரப் பல்லிகளுக்குப் பிடித்த வெப்பம் 35-ஐ ஒட்டி இருக்கிறது; கால் இழுத்துக்கொண்டு நிலைகுலைகிற வெப்பம் 42, 43 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. கீழ்ப்பக்கம் எவ்வளவோ இடம் இருக்க, அவை விளிம்பை ஒட்டியே வாழ விரும்புகின்றன. வேகம் அங்கேதான் கிடைக்கிறது. அதனால்தான் பதினொரு மணிக்கு மேல் சுவர் காலி. அந்த நேரம் சுவரின் மேற்பரப்பு அவற்றுக்குத் தாங்காத அளவு சூடேறிவிடும். காணாமல் போனவை தூங்கவில்லை. கொடிக்கடியிலும் ஓட்டுக்கடியிலும் புகுந்து இரை பொறுக்கிக்கொண்டிருக்கும்.

ஒதுங்குவதற்கு முன் சில்லறைத் தந்திரங்கள் உண்டு. உடம்பை வெயிலின் திசைக்கே நீளவாக்கில் திருப்பி, முகத்தை மட்டும் காட்டுவது. கால்களை ஊன்றி வயிற்றைத் தரையிலிருந்து தூக்குவது, விரல்களை மேலே மடக்குவது. காற்று வாங்கக் கிளையில் ஏறுவது. கடைசியாக வாயைப் பிளந்து மூச்சிரைப்பது. அதில் தண்ணீர் செலவாகும் என்பதால் வேறு வழியில்லாதபோதுதான்.

உங்கள் ஆயாவின் சூரிய நமஸ்காரத்துக்கு மட்டும் இதில் இடமில்லை. தலையாட்டுவதும் முன்காலை ஊன்றி எழுவதும் "இது என் மரம்" என்று மற்ற ஆண்களுக்கும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று பெண்களுக்கும் சொல்வது. நீலத்தலையும் அதற்குத்தான். உடம்பு சூடானால்தான் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் முடியும் என்பதால் காலை வெயிலோடு சேர்த்தே நமக்குக் கண்ணில் படுகிறது. ஆயா பார்த்தது சரி, காரணம் வேறு.

இப்போது கேள்வியின் கடினமான பாகம். பல்லி 34 டிகிரியில் இருக்கிறது என்பதாலேயே அது கட்டுப்படுத்துகிறது என்று ஆகிவிடுமா? அந்த இடமே 34 டிகிரியாக இருந்தால்? இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்தது. அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகப் பிடித்தது. பல்லி அளவில் உள்ளே பொள்ளலான செப்புப் பொம்மைகள் செய்து, பல்லியின் நிறம் பூசி, உள்ளே வெப்ப உணரி வைத்துக் காடு முழுக்க எங்கெங்கோ போட்டுவிட்டார்கள். செம்பு வெயிலையும் காற்றையும் பல்லியைப் போலவே வாங்கிக்கொள்ளும், ஆனால் எந்த முடிவும் எடுக்காது. அக்கறையே இல்லாத பல்லி எப்படியிருக்கும் என்பதற்கு அது அளவுகோல். பொம்மைகள் 20-லிருந்து 55 வரை சிதறிக் கிடக்க, பல்லிகள் எல்லாம் 33-க்கும் 36-க்கும் நடுவே இருந்தால், சந்தேகமில்லை, தேர்ந்தெடுக்கின்றன. பொம்மையும் பல்லியும் ஒரே அளவு காட்டினால் அது சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

சும்மா இருப்பதும் உண்டு! ரேமண்ட் ஹூயி என்ற ஆய்வாளர் புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரே இனப் பல்லியை இரண்டு இடங்களில் பார்த்து 1974-இல் எழுதினார். திறந்தவெளியில் அது ஒழுங்காக வெயில் காய்ந்து வெப்பத்தைக் காத்துக்கொண்டது. அடர்ந்த காட்டுக்குள் வெயில்பொட்டு எட்டி எட்டி விழுவதால், அதைத் தேடி ஓடுவது கட்டுப்படியாகாது என்று, காற்று எவ்வளவோ அவ்வளவே போதும் என இருந்துவிட்டது. அதே பிராணி, அதே மூளை. செலவு மாறியதும் நடத்தை மாறிவிட்டது. "பல்லிகள் வெப்பத்தைக் கட்டுப்படுத்துமா" என்று பொதுவாகக் கேட்டால் "எவ்வளவு செலவாகும் என்பதைப் பொறுத்தது" என்றுதான் பதில் சொல்ல முடியும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கின் வகைகளைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். கேப் தீபகற்பத்திலும் சல்டான்யா பக்கத்துக் கடற்கரையிலும் முழுக் கறுப்பாக ஒரு முள்வால் பல்லி இருக்கிறது. அந்தக் கடல் குளிர்ந்தது. மூடுபனியும் மேகமும் அடிக்கடி வெயிலை மறைக்கும். கிடைக்கிற கொஞ்ச வெயிலில் வெளிர்நிறப் பல்லியைவிடக் கறுப்புப் பல்லி சீக்கிரம் சூடாகும். அதற்கு வடக்கே, வறண்ட நாமக்வாலாந்தில் மரமே இல்லாமல் தரையில் ஓடித் திரிகிற ஒரு பச்சோந்தி உண்டு. காலையில் வெயில் படுகிற பக்கத்தை மட்டும் கறுப்பாக்கி மறுபக்கத்தை வெளிறவிடும். முதுகுத்தண்டில் கோடு கிழித்தாற்போலப் பிரிவு தெரியும். எல்லை தாண்டி நமீபியாவின் மணல்மேடுகளில் மண்வெட்டி மூக்குள்ள ஒரு சின்னப் பல்லி, மணல் சுடும்போது முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றுமாக மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். அதுவும் தாங்காதபோது மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிடும். சில விரற்கடை ஆழத்திலேயே சூடு வெகுவாகக் குறைந்திருக்கும்.

உடும்பின் கதை இன்னும் சுவை. நம் ஆற்றோரங்களில் இரண்டு மீட்டர் வரை வளர்கிற நைல் உடும்பு, தன் முட்டைக்கும் வெப்பம் ஏற்பாடு செய்துவிடுகிறது. மழையில் ஊறி இளகிய கறையான் புற்றைத் தாய் தோண்டி உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். கறையான்கள் ஓட்டையை அடைத்துவிடும். புற்றின் உள்ளே வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறாது. மாதக்கணக்கில் கழித்துக் குஞ்சுகள் பொரிந்து வெளியே வரும். டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியில் இதைக் கவனித்து 1930-இல் எழுதியவரும் அதே கௌல்ஸ்தான். பாலைவன ஆய்வுக்கு முன்பே அவர் மனதில் இந்தக் கேள்வி நம் ஊர்ப் புற்றடியில் முளைத்துவிட்டது என்று எனக்கு ஒரு எண்ணம்.

உங்கள் கோட்டு அரணை வேறு வழி பிடித்தது. அது முட்டை இடாமல் குட்டி போடும். வயிற்றில் குட்டிகளோடு தாயே வெயிலுக்கும் நிழலுக்கும் நடக்கிறாள். குட்டிகளும் அந்தச் சூட்டிலேயே வளர்கின்றன. முள்வால் பல்லிகளில் பெரும்பாலானவையும், நம் தோட்டத்துக் குட்டைப் பச்சோந்திகளும் இப்படித்தான்.

பச்சோந்தி என்றதும் இங்குள்ள ஜூலு மக்களின் பழங்கதை ஞாபகம் வருகிறது. மனிதருக்குச் சாவு இல்லை என்று சொல்ல படைத்த கடவுளான உன்குலுன்குலு பச்சோந்தியை அனுப்பினார். அது வழியில் ஆடி அசைந்து தாமதித்தது. பின்னால் சாவுச் செய்தியோடு அனுப்பிய பல்லி முந்திக்கொண்டது. கதையைச் சொன்னவர்கள் இரண்டையும் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் பல பச்சோந்திகள் ஓணானைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். அவற்றின் நாக்கு தசை இழுப்பால் மட்டும் பாய்வதில்லை. உள்ளே இழுத்துச் சேமித்த விசை விடுபட்டுப் பாய்கிறது. யேமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்றில் சோதித்தபோது, 15 டிகிரியிலும் நாக்கு பாயும் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. திரும்ப இழுப்பது மட்டும் வெகுவாக மந்தமானது. அந்த ஒரு ஏற்பாட்டால் காலை வெயிலுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

இரவுப் பல்லிகளுக்குச் சூரியன் கிடையாது என்பதால் கணக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். டியூப்லைட் அருகே வருவது பூச்சிக்காக. சூட்டுக்கு அவை நம்புவது பகலில் ஒளிந்திருக்கும் இடத்தை: தகரத்துக்கடியில், படத்துக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் வெளியே என்று நகர்ந்து சரிசெய்துகொள்ளும். இருட்டிய பிறகு சுவர் விட்டுவைத்த சூட்டையும் வயிற்றால் வாங்கும்.

காய்ச்சல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் நம்பமாட்டார்கள். 1970-களில் அமெரிக்காவில் பாலைவன இக்குவானாக்களுக்கு நோய்க்கிருமி செலுத்திப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிட 2 டிகிரி போலச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அதாவது நடந்து போய்க் காய்ச்சலை வாங்கிக்கொண்டன. குளிர்ந்த இடத்தில் அடைத்து வைத்தவை அதிகம் செத்தன. எல்லாப் பல்லி இனமும் இதைச் செய்வதில்லை. ஆனால் காய்ச்சல் என்பது உடம்பின் தற்காப்பு என்ற கருத்துக்கு அந்த இக்குவானாக்கள் பெரிய பலம் சேர்த்தன.

ஜூலைக்கு வருவோம். டர்பனில் அந்த மாதப் பகல் 22, 23 டிகிரிக்குப் போகும். வானமும் பெரும்பாலும் தெளிவு. காற்று 22 டிகிரி என்றாலும், வடக்குச் சுவரில் தட்டையாகக் கிடக்கிற அரணை முப்பதைத் தாண்டிவிடும். காய்வதற்கு நேரம் அதிகமாகும், வேட்டைக்கு நேரம் குறையும். பசியும் குறைவு என்பதால் சமாளிக்கிறது. மேகம் போட்ட நாளில் வெளியே வருவதில் லாபமில்லை, வராது. ஃப்ரீ ஸ்டேட், ம்புமலாங்கா மாகாணங்களின் மேட்டுநிலத்தில் இந்தக் கணக்கு கட்டாது. உறைபனி விழும் அந்தப் புல்வெளியில், சூரியனைப் பார்த்தபடி அமர்வதால் பேர்பெற்ற பெரிய முள்வால் பல்லி, குளிர்காலத்தில் பெரும்பாலும் தன் வளைக்குள்ளேயே இருந்துவிடும்.

பூமி சூடானால் பல்லிக்குக் கொண்டாட்டம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். 2010-இல் வந்த ஒரு ஆய்வு மெக்சிகோவில் முன்பு பல்லிகள் பதிவான 200 இடங்களைத் திரும்பப் பார்த்தது. 1975-க்குப் பிறகு அவற்றில் 12 விழுக்காட்டு இடங்களில் பல்லிகள் அற்றுப்போயிருந்தன. வெயிலில் வெந்து சாகவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் நிழலுக்குள் ஒதுங்கியிருக்க வேண்டிய மணிநேரம் கூடிப்போனதால், குட்டி பெறத் தேவையான அளவு தின்ன நேரம் போதவில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

உங்கள் வீட்டில் நீங்களே சோதிக்கலாம். செப்புப் பொம்மை வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் விற்கும், சிவப்புப் புள்ளி காட்டுகிற தெர்மாமீட்டர் போதும். அரை மணிக்கொரு தரம், அரணை இருக்கும் இடத்தின் சுவரையும், கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்த மாதிரி பத்து இடங்களையும் அளந்து எழுதுங்கள். அரணையின் இடங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியும், மற்றவை சிதறியும் வந்தால் பதில் கிடைத்தாயிற்று. சுவருக்குப் பூச்சு வேலை செய்தால் ஓரிரு விரிசலையாவது விட்டுவையுங்கள். பூனை இருந்தால் காலை வெயில் ஏறும்வரை உள்ளே வைத்திருங்கள். விறைத்த அரணையால் ஓட முடியாது. அரணை கடித்தால் மரணம் என்பது வெறும் எதுகை, அதற்கு விஷமே கிடையாது. நீலத்தலை ஓணானுக்கும் விஷம் இல்லை, ஆனால் கையில் பிடித்தால் கடிக்கும், கடித்தால் சுலபத்தில் விடாது.